முழங்கால் கத்தினால் மனசு அடங்குமா?

எங்கள் பக்கத்து வீட்டு மாமிக்கு வயசு அறுபத்திரண்டு. ரிடையர் ஆன கையோடு ஒரு தியான வகுப்பில் சேர்ந்தார். விடிகாலை நாலரைக்கு எழுந்து, குளித்து, விளக்கேற்றி, பூஜை அறைத் தரையில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார். இருபது நிமிஷம். யார் கூப்பிட்டாலும் பதில் வராது.

மூணாவது வாரம் ஒருநாள் அந்த அறையிலிருந்து ‘தொப்’பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், மாமி அலமாரிக் கதவைப் பிடித்தபடி பாதி தரையில், பாதி அந்தரத்தில்! இடது கால் மரத்துப் போயிருக்கிறது. அது தெரியாமல், மணி அடித்ததும் சட்டென்று எழுந்து அடி எடுத்து வைத்திருக்கிறார். பாதம் மடங்கிவிட்டது. நல்லவேளை, மணிக்கட்டு சுளுக்கோடு போயிற்று. அந்த வயசில் இடுப்பெலும்பு முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

சாயந்திரம் பார்க்கப் போனேன். “எனக்கு இதெல்லாம் கொடுத்து வைக்கலைம்மா. கண்ணை மூடினா சாமி வரலை, முழங்கால்தான் வருது. எப்படா இருபது நிமிஷம் முடியும்னு கடிகாரத்தையே நினைச்சிண்டிருக்கேன். விட்டுடப் போறேன்” என்றார்.

“மாமி, குத்தம் உங்க மனசு மேல இல்லை. உங்க துண்டு மேல!” என்றேன். நம்பாமல் பார்த்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். ‘மனசு ஒருமைப்படலை’ என்று தியானத்தைக் கைவிட்டவர்களில் பலருக்கு உண்மையில் ஒத்துழைக்காதது மனசு இல்லை, இடுப்பும் முழங்காலும்தான். அதற்கு மருந்து வேண்டாம். சரியான உயரத்தில் ஓர் இருக்கை போதும்.

இடுப்பு ஒரு குடம்

முதலில் ஒரு சின்னச் சோதனை. தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். இரண்டு கைகளையும் பின்பக்கத்துக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். உள்ளங்கையில் உருண்டையாக இரண்டு எலும்புகள் குத்தும். அவைதான் நாம் உட்கார்வதற்கென்றே இருக்கிற எலும்புகள். உடம்பின் எடை அவற்றின் மேல் நேராக இறங்கினால் முதுகு சிரமமில்லாமல் நிற்கும்.

இடுப்பெலும்பை ஒரு குடமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் நட்ட கம்பு முதுகெலும்பு. குடம் நேராக இருந்தால் கம்பும் நேராக நிற்கும். குடம் பின்னால் சாய்ந்தால்? கம்பும் பின்னால் விழப் பார்க்கும். விழாமல் இருக்க முதுகு கூன் போடும், கழுத்து முன்னால் நீளும், தோள் இறுகும். பத்து நிமிஷத்தில் முதுகில் யாரோ மூட்டை வைத்தது போல் வலி!

வெறும் தரையில் சம்மணமிடும்போது பலருக்கு இதுதான் நடக்கிறது. தொடையின் பின்பக்கத் தசைகளும் இடுப்பு மூட்டைச் சுற்றியுள்ள தசைகளும் இறுகியிருந்தால், அவை குடத்தைப் பின்பக்கமாக இழுக்கின்றன. முழங்கால்கள் இடுப்பைவிட உயரத்தில், கூடாரம் போல நிற்கும். நாற்காலி, சோபா, ஸ்கூட்டர், கார் என்று பழகிப்போன நமக்கு இந்த இறுக்கம் சகஜம். நம் பாட்டிமார் தரையில் உட்கார்ந்தே அரிவாள்மணையில் காய் நறுக்கினார்கள், அம்மியில் அரைத்தார்கள். அந்தப் பழக்கம் நமக்கு இல்லை.

முழங்கால் ஏன் வலிக்கிறது? அது பெரும்பாலும் கதவுக் கீல் போல மடங்கி நீளுகிற மூட்டு. திருகுகிற வேலை அதற்கு அதிகம் வராது. சம்மணத்தில் கால் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டில் நடக்க வேண்டும். இடுப்பு திரும்பாவிட்டால் அந்தத் திருகல் முழங்காலுக்குப் போய்ச் சேரும். அங்கே உள்ள குருத்தெலும்பு வட்டுகள் நசுங்கும். அதனால்தான், ‘அழுத்தினா இறங்கிடும்’ என்று முழங்காலைக் கையால் தரைக்கு அழுத்துவது தப்பு. யாராவது உங்கள் முழங்காலை அழுத்த வந்தால், கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கால் மரத்துப் போவது எதனால்?

‘ரத்த ஓட்டம் நின்னுடுச்சு’ என்று சொல்வது வழக்கம். முக்கியமான காரணம், நரம்பு அழுத்தப்படுவது. முழங்காலின் வெளிப்புறத்தில், சற்றுக் கீழே, ஒரு எலும்பு முடிச்சைத் தொட்டுப் பாருங்கள். பாதத்தை மேலே தூக்க உதவும் நரம்பு அதைச் சுற்றிக்கொண்டு தோலுக்கு மிக அருகில் போகிறது. கடினமான தரையோ, இன்னொரு காலோ அதை அழுத்தினால் பாதம் மரத்துப் போகும். பின்பக்கத்தின் அடியிலும் தொடையின் பின்புறத்திலும் போகும் பெரிய நரம்பை, இருக்கையின் கூர்மையான விளிம்பு அழுத்தினாலும் இதே கதைதான்.

அழுத்தம் விலகினால் ஓரிரு நிமிஷத்தில் சரியாகிவிடும். ஆனால் அந்த ஓரிரு நிமிஷத்துக்குள் எழுந்து நடந்தால்தான் ஆபத்து. மாமிக்கு நேர்ந்தது அதுதான்.

பெரியவர்கள் கஷ்டப்படச் சொல்லவில்லை

‘வலியைப் பொறுத்துக்கிறதுதானே தவம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. பதஞ்சலி யோக சூத்திரம் ஆசனத்துக்குக் கேட்பது இரண்டே குணங்கள்: அசையாமை, சுகம். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் சொல்லும் ஆசனங்களில் ஒன்றின் பெயரே சுகாதனம்! பகவத் கீதையின் ஆறாவது அத்தியாயம் இருக்கையைப் பற்றியே பேசுகிறது. ரொம்ப உயரமும் கூடாது, ரொம்பத் தாழ்வும் கூடாது. தர்ப்பை, தோல், துணி என்று விரிப்புகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட வேண்டும் என்கிறது. அதாவது, மெத்தென்று ஒரு தளம் தேவை என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

(ஒரு வார்த்தை: மான்தோல், புலித்தோல் தேடி அலையாதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வாங்குவதும் விற்பதும் குற்றம். நல்ல கம்பளி விரிப்பு அந்த வேலையைச் செய்யும்.)

ஜப்பானிய ஜென் மடங்களில் ‘ஸாஃபூ’ என்ற உருண்டைத் திண்டில் உட்காருகிறார்கள். அந்தப் பெயரிலேயே, நம் குளத்தங்கரைச் சம்பங்கோரைக்கு உறவான ஒரு புல்லின் பெயர் இருக்கிறது. பிற்காலத்தில் அதற்குள் அடைப்பது என்ன தெரியுமா? இலவம் பஞ்சு! திண்டுக்கு அடியில் முழங்காலும் கணுக்காலும் படுவதற்கு ஒரு சதுர மெத்தையும் உண்டு. மேலே உயரம், கீழே மென்மை. சூத்திரம் அவ்வளவுதான்.

உங்கள் உயரம் எத்தனை அங்குலம்?

கடைக்குப் போய்த் திண்டு வாங்குவதற்கு முன்னால் வீட்டிலேயே அளவெடுங்கள். செலவு ஒரு பைசா இல்லை. வேண்டியது பழைய வாரப் பத்திரிகைக் கட்டு. (பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் வைத்திருக்கிறீர்கள்தானே?)

1. தரையில் பாயோ ஜமக்காளமோ விரியுங்கள். அதன் மேல் இரண்டு அங்குல உயரத்துக்குப் பத்திரிகைகளை அடுக்கி, மேலே ஒரு துண்டை மடித்துப் போடுங்கள்.

2. அடுக்கின் முன்பாதியில் மட்டும் உட்காருங்கள். உட்காரும் எலும்புகள் அடுக்கின் மேல் இருக்கட்டும். தொடை அதன் மேல் படிய வேண்டாம். அப்போதுதான் குடம் லேசாக முன்னால் சாயும்.

3. கால்களைச் சாதாரணமாக மடக்குங்கள். பத்மாசனம் வேண்டாம். ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு கால் என்று தரையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

4. வீட்டில் யாரையாவது பக்கவாட்டிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் இருந்தால் இன்னும் ஒரு அங்குலம் ஏற்றுங்கள். முழங்கால் இடுப்பு மட்டத்துக்குக் கீழே இறங்கும் வரை ஏற்றிக்கொண்டே போங்கள்.

5. ‘முதுகை நிமிர்த்தணும்’ என்று நினைக்காமலே முதுகு நிமிர்ந்திருக்கிறதா? அதுதான் உங்கள் உயரம். ஸ்கேல் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு இது மூன்றிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் வரும். உடம்பு வளைந்து கொடுக்கிறவர்களுக்கு இரண்டே போதும். வீட்டுக்காரருக்குச் சரியான திண்டு உங்களுக்குச் சரியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆறு அங்குலத்துக்கு மேலும் முழங்கால் இறங்கவில்லை என்றால் நாற்காலிதான் உத்தமம். அதைப் பற்றிப் பிறகு.

அதிகம் ஏற்றினாலும் தொந்தரவு. குடம் முன்னால் ரொம்பக் கவிழ்ந்து, இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்கி வலிக்கும். அப்படியென்றால் ஒரு அங்குலம் இறக்குங்கள். முழங்கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கினால், அடியில் சுருட்டிய டவலை வையுங்கள். தொங்குகிற முழங்காலைத் தாங்கிக்கொண்டே தொடைத் தசை களைத்துவிடும்.

எதில் அடைத்தது நல்லது?

ஸ்பாஞ்ச்: கடையில் தொட்டால் மெத்தென்று ஆசை காட்டும். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் ‘புஸ்’. ஒரு பக்கம் அதிகம் அமுங்கினால் இடுப்பும் கோணலாகும். வாங்குவதானால் அழுத்தமான ஃபோமாகப் பாருங்கள். முஷ்டியால் ஓங்கி அமுக்குங்கள். விரல் முட்டியில் தரை தட்டினால் அந்தத் திண்டு வேண்டாம்.

இலவம் பஞ்சு: தேனி மாவட்டம் போடிநாயக்கனூர்ப் பக்கம் இதற்குப் பேர் போனது. லேசானது, ஈரத்தை எளிதில் ஏற்காது. இறுக்கமாக அடைத்தால் நன்றாகத் தாங்கும். நாளடைவில் தணியும், தணிந்ததும் பிரித்துக் கொஞ்சம் பஞ்சு சேர்க்க வேண்டும். அடைக்கும்போது தூசு பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வேலையைத் தாங்களே செய்ய வேண்டாம்.

பருத்திப் பஞ்சு: கனம், அழுத்தம். ஆனால் கட்டி தட்டும். அடிக்கடி வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும்.

தேங்காய் நார்: அமுங்காது, காற்றோட்டம் உண்டு. மேலே ஒரு கனத்த துணி இல்லாவிட்டால் குத்தும்.

தானிய உமித் திண்டு: பக்வீட் என்ற தானியத்தின் உமியை அடைத்து விற்கிறார்கள். உடம்பின் வடிவத்துக்கு ஏற்ப ஒதுங்கிக்கொடுத்து, அப்படியே நின்றுவிடும். ஜிப் இருந்தால் உமியைக் கூட்டிக் குறைத்து உயரத்தை மாற்றலாம். விலையும் எடையும் அதிகம்.

மணைப்பலகை: கல்யாணத்தில் கொடுத்த மணை பரணில் கிடக்கிறதா? இறக்குங்கள்! அமுங்காத அருமையான அடித்தளம். அதன் மேல் போர்வையை மடித்துப் போட்டு வேண்டிய உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம். வெறும் மணையில் மட்டும் உட்கார வேண்டாம். விளிம்பு நரம்பை அழுத்தும்.

கீழே விரிக்க நம்மூர்க் கோரைப்பாய் நல்லது. பத்தமடைப் பாய் எல்லோருக்கும் தெரியும். ரிஷிகேசத்தில் 1936-ல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கி யோகத்தைப் பரப்பிய சுவாமி சிவானந்தர் பிறந்ததும் (1887) அதே பத்தமடையில்தான்! ஆனால் வெறும் பாய் கணுக்காலுக்குப் போதாது. அதன் மேல் நாலாக மடித்த ஜமக்காளம் ஒன்று விரியுங்கள்.

வீட்டிலேயே செய்யலாம்

தைக்கத் தெரியாதவர்களுக்கு: பழைய கம்பளி அல்லது கனத்த போர்வை இரண்டு எடுங்கள். ஒவ்வொன்றையும் ஒன்றரை அடிக்கு ஒரு அடி அளவில், ஓரம் பிசகாமல் மடியுங்கள். ஒன்றன் மேல் ஒன்று வைத்து, அகலமான நாடாவால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். இறுக்கமான மடிப்புள்ள பக்கம் முன்னால் வரட்டும். வேண்டிய உயரம் வரும்வரை போர்வை சேர்க்கலாம்.

தையல் மெஷின் இருந்தால்: காடாத் துணியில் பதினாலு அங்குல விட்டமுள்ள இரண்டு வட்டம் வெட்டுங்கள். சுற்றிலும் தைக்க, உங்கள் உயரத்தைவிட ஒரு அங்குலம் கூடுதலான அகலத்தில் ஒரு பட்டை. (பஞ்சு அமுங்குமே, அதற்காக.) பட்டையின் நீளம் நாற்பத்தைந்து அங்குலம் இருந்தால் மடித்துத் தைக்கவும் சேர்த்துச் சரியாக இருக்கும். ஒரு கை நுழையும் அளவுக்கு வாய் விட்டுத் தைத்து, ஓரங்களில் முதலில், நடுவில் பிறகு என்று பஞ்சைத் திணியுங்கள். மேலே துவைக்கிற மாதிரி தனி உறை.

நாற்காலி கௌரவக் குறைச்சல் இல்லை

“நாற்காலியில உட்கார்ந்தா அது தியானமா?” என்று மாமியும் கேட்டார். ஆசனம் என்றால் இருக்கை. அது தரையில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? கீழ்க்கண்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் தரையில் சம்மணமிடவே கூடாது:

* முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள்.
* முழங்காலில் வீக்கம், ‘லாக்’ ஆகிற தொந்தரவு உள்ளவர்கள்.
* இடுப்பிலிருந்து காலுக்கு இழுக்கிற நரம்பு வலி உள்ளவர்கள்.
* சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள். இவர்களுக்கு அழுத்தம் தெரியாது. புண் வந்தபிறகுதான் தெரியும்.

சோபா வேண்டாம்; குடம் பின்னால் சாய்ந்துவிடும். சக்கர நாற்காலியும் வேண்டாம். சாப்பாட்டு மேஜை நாற்காலி நல்லது. பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் படிய வேண்டும். குள்ளமானவர்களுக்குக் கால் தொங்கினால் தொடையின் பின்புறம் அழுந்தும். காலடியில் மணையோ கனத்த புத்தகமோ வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை பின்பக்கம் பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்தில் மடித்த டவலைப் போட்டு மட்டமாக்குங்கள். முதுகு களைத்தால், இடுப்புக்கு மேலே உள்ள வளைவில் சின்னத் தலையணை ஒன்று.

மண்டியிட்டும் உட்காரலாம்

சம்மணம் வராத சிலருக்கு வஜ்ராசனம் சுலபமாக வரும். ஆனால் குதிகால் மேல் முழு எடையும் விழுந்தால் கணுக்கால் வலிக்கும். திண்டைச் செங்குத்தாகக் கால்களுக்கு நடுவில் வைத்து அதன் மேல் உட்காருங்கள். கணுக்காலுக்கு அடியில் டவல் சுருள். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது.

எழுந்திருக்கத் தெரிய வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால், இது இருக்கட்டும்.

மணி அடித்ததும் எழாதீர்கள். கண்ணைத் திறங்கள். கால்களை நீட்டுங்கள். பாதத்தை மேலும் கீழும் பத்துத் தடவை அசையுங்கள். கட்டைவிரலைத் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சி முழுசாகத் திரும்பியதா? பிறகு சுவரையோ நாற்காலியையோ பிடித்து எழுந்து, ஒரு நிமிஷம் நின்று, அப்புறம் நடங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். அவர்கள் இன்னும் நிதானமாக.

சந்தேகங்கள்

*எந்த வலியைப் பொறுக்கலாம்?*
தொடையிலோ இடுப்பிலோ லேசாக இழுக்கிற மாதிரி இருந்தால், எழுந்ததும் மறைந்தால், பயமில்லை. முழங்காலுக்குள் சுருக்கென்று குத்தினால் அப்போதே காலை நீட்டிவிடுங்கள்.

*நடுவில் கால் மாற்றலாமா?*
தாராளமாக. மெதுவாக மாற்றிக்கொண்டு தொடருங்கள். தினம் ஒரே காலை முன்னால் வைக்காமல் ஒருநாள் இது, ஒருநாள் அது என்று வையுங்கள்.

*சுவரில் சாயலாமா?*
சாயலாம். திண்டைச் சுவரோடு ஒட்டிப்போட்டு, இடுப்பைச் சுவர் வரை தள்ளி உட்காருங்கள். இடைவெளி விட்டுச் சாய்ந்தால் கூன்தான் விழும்.

*கட்டில் மெத்தையில்?*
அமுங்கும். தூக்கமும் வரும்!

*டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?*
மரத்துப்போனது பல நிமிஷமாகியும் விலகாவிட்டால், பாதத்தை மேலே தூக்க முடியாவிட்டால், முழங்கால் வீங்கினால், வலி மறுநாளும் தொடர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

மாமிக்குப் பத்திரிகை வைத்து அளந்தோம். ஐந்து அங்குலம் வந்தது. மணை, அதன் மேல் இரண்டு கம்பளி. முழங்கால் ரொம்ப முரண்டு பிடிக்கிற நாளில் நாற்காலி, காலடியில் அதே மணை. முதலில் பத்தே நிமிஷம் என்று ஒப்பந்தம்.

இரண்டு வாரம் கழித்துக் கேட்டேன், “மனசு அடங்கித்தா மாமி?”

“எங்கேம்மா! காஸ் புக் பண்ணலையேன்னு ஓடறது, பொண்ணுக்குப் போன் பண்ணணும்னு ஓடறது. ஆனா ஒண்ணு, முழங்கால் பக்கம் போறதில்லை” என்று சிரித்தார். “அது போதும். மீதியை நான் பார்த்துக்கறேன்.”

நாளைக் காலை உட்காருவதற்கு முன்னால் நீங்களும் ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள்!